பூச்சியத்துக்கு ஒன்று

கராத்தே களத்தில் கால் வைக்குமுன் நிதர்சனா குனிந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். வந்து ஏழு மாதமான இந்தக் குளிர்தேசத்தில் தரை என்பது ரப்பர் வாடை வீசும் நீல விரிப்பு. ஆனாலும் தொட்டாள். களத்தில் வழிபாடு கூடாதென்று முதல் போட்டியிலேயே நடுவர் எதிராளிக்கு ஒரு புள்ளி கொடுத்தார். அடுத்ததிலும் கொடுத்தார். அதன்பின் அவள் ஆடிய ஒவ்வொரு ஆட்டமும் பூச்சியத்துக்கு ஒன்று என்றே தொடங்கியது. எட்டு ஆட்டங்களை அப்படியே வென்றாள். அரையிறுதியில் சரியாக அந்த ஒரு புள்ளியால் தோற்றாள்.

காரில் அண்ணன் சேந்தன் பொரிந்து தள்ளினான். "ஒருக்காக் குனியாமல் நிண்டா உனக்கு என்ன குறைஞ்சுபோகும்?"

"ஒண்டும் குறையாது. ஒரு புள்ளி கூடும்."

"நீ கும்பிடுறாயெண்டுதானே அவங்கள் நினைக்கிறாங்கள்."

"நான் கும்பிடேல்லை அண்ணா. தரையை மிதிக்கப்போறன், அதை அதிட்டைச் சொல்லிப்போட்டு மிதிக்கிறன்."

அடுத்த மாதப் போட்டிக்கும் அதே நடுவர்தான். நிதர்சனா விரிப்பின் ஓரத்தில் வந்து நின்றதுமே, அவள் குனியட்டும் என்றுகூடக் காத்திராமல், எதிராளியின் பக்கம் கையை நீட்டிவிட்டார். புள்ளிப் பலகையில் ஒன்று விழுந்தது. அரங்கில் யாரோ சிரித்தார்கள். அவள் பலகையைப் பார்த்தாள், நடுவரைப் பார்த்தாள். பின் நிதானமாக முழந்தாளிட்டு, இம்முறை இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் விரித்து வைத்தாள். நடுவரின் கை நீண்டபடியே நின்றது. அவள் தன் கைகளைத் தரையிலிருந்து எடுப்பதாக இல்லை.