பூவாடைக்காரி தண்ணீர்

"அவ எனக்குள்ள எறங்கிட்டா மேடம். இது வியாதி இல்ல," என்றாள் வைஷ்ணவி. மேஜைமேல் இருந்த அவள் விரல்கள் நிற்காமல் நடுங்கின.

"யாரும்மா?" என்று கேட்டார் டாக்டர் சுபஸ்ரீ.

"இவரோட மொத சம்சாரம். குணசுந்தரி."

பக்கத்து நாற்காலியில் முத்துராஜ் தலையைக் குனிந்துகொண்டான். எந்தக் காற்றுக்கும் படகைத் திருப்பாத ஆள் என்று பழவேற்காட்டுப் பக்கம் அவனுக்குப் பேர். ஆனால் செத்தவள் பேரைச் சொன்னால் போதும், மனுஷனுக்கு வியர்த்துவிடும். அவள் எப்படிச் செத்தாள் என்று யாராவது கேட்டால் எழுந்து போய்விடுவான்.

வைஷ்ணவி இந்தப் பொன்னேரி கிளினிக்குக்குப் புதியவள் இல்லை. கல்யாணமான புதிதில், அலுப்பாக இருக்கிறது, முடி கொட்டுகிறது என்று வந்திருந்தாள். தைராய்டு சோதனையில் அளவு எல்லைக்கோட்டைக் கொஞ்சம்தான் தாண்டியிருந்தது. "இதுக்கு இப்போ மாத்திரை வேணாம்மா. நிறைய பேருக்குத் தானா சரியாயிடும். அளவு இன்னும் ஏறினாலோ, குழந்தை உண்டானாலோ ஆரம்பிக்கலாம். சில மாசம் கழிச்சு மறுபடி ரத்தம் பார்ப்போம்," என்று டாக்டர் அனுப்பிவிட்டார்.

அந்தச் சில மாதத்தில் பெண் பாதியாக இளைத்திருந்தாள்.

"என்ன பண்ணுது, சொல்லு."

"ராவுல யாரோ கதவைத் தட்டினே கீறாங்க மேடம். எழுந்து தொறந்தா ஒருத்தரும் இல்ல. வந்து படுத்தா மறுபடி தட்டுறாங்க. அப்புறம்தான் தெரிஞ்சுது, சத்தம் கதவுல இல்ல, என் நெஞ்சுக்குள்ள. ஏரிக் காத்து ஜில்லுனு அடிக்குது, எனக்கு மட்டும் வேர்த்து ஊத்துது. எறால் உரிக்க உக்காந்தா கை நிக்கல."

"எப்பலேர்ந்து?"

"பூவாடைக்காரி தண்ணி குடிக்க ஆரம்பிச்சதுலேர்ந்து."

பூவும் பொட்டுமாகச் செத்தவளைப் பூவாடைக்காரி என்று வீட்டுத் தெய்வமாகக் கும்பிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். இரண்டாவதாக வாழ வந்தவள் அவளைக் கும்பிட்டுத்தான் ஆகவேண்டும். முத்துராஜ் கும்பிடுவதோடு விடவில்லை. கும்பத்து மஞ்சள் தண்ணீரைத் தினமும் விடிகாலையில் தானே மொண்டு கொடுத்து, அவள் குடித்து முடிக்கும்வரை எதிரே நிற்பான்.

"வெறும் வயித்துல குடிக்கணுமாம். ஒடனே டீ குடிச்சா சாமி கோச்சிக்குமாம்," என்று சொல்லும்போதே வைஷ்ணவிக்கு அழுகை வந்துவிட்டது. "தண்ணியோட தண்ணியா அவளும் உள்ள வந்துட்டா மேடம். சுண்ணாம்புக்குளத்துலேர்ந்து எங்க நைனா வந்து வெளிய நிக்கிறாரு. பேயோட்டுறவருகிட்ட இட்டுக்கினு போறாராம். பேய்தான்னா, நான் இந்த மனுஷன் வூட்டுக்குத் திரும்ப மாட்டேன். நீங்க சொல்லுங்க, இது அவதானே?"

இவளும் போய்விடுவாளோ என்ற பயம் முத்துராஜ் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

டாக்டர் அவள் நாடியைப் பிடித்துப் பார்த்தார். அது ஓடுகிற ஓட்டத்தைக் கண்டு அவருக்கே பக்கென்றது. அன்று காலை எடுத்த ரத்தத்தின் புது ரிப்போர்ட்டைப் படித்ததும் குரல் மாறிவிட்டது.

"போன தடவை சுரப்பி கொஞ்சம் மந்தமா இருந்தது. இப்போ தலைகீழா எகிறியிருக்கு. நீயா தைராய்டு மாத்திரை வாங்கிப் போடுறியா?"

"நீங்கதானே வேணாம்னீங்க! ஒண்ணுகூடத் தொடல மேடம்."

"பொய் சொல்லாதே. தேவையில்லாதவங்க இதைப் போட்டா இதயத்துடிப்பு தாறுமாறாயிடும். உயிருக்கே ஆபத்தும்மா!"

"என் தாலிமேல சத்தியமா இல்ல மேடம்!"

முத்துராஜ் சட்டென்று எழுந்தான். "அவளைத் திட்டாதீங்க மேடம்," என்றான். அவ்வளவு பெரிய ஆள், குரல் உடைந்துபோயிருந்தது. "குணசுந்தரிக்கும் தைராய்டுதான். ஒடம்பெல்லாம் ஊதி, குளிருது குளிருதுன்னே கெடந்தா. மாத்திரையை ஒழுங்கா போடாமதான் செத்தா. நான் ஏரியே கதின்னு இருந்துட்டேன்."

வைஷ்ணவி அழுகையை நிறுத்திவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"இவளுக்கும் அதேன்னதும் எனக்கு உசுரே இல்ல. நீங்க மாத்திரையே வேணாம்னுட்டீங்க. கேட்டா இவளும் வேணாம்னுதான் சொல்லுவா."

"அதனால?" என்றார் டாக்டர்.

"குணசுந்தரி மிச்சம் வச்ச மாத்திரையை நான்தான் மேடம் தெனமும் அந்தத் தண்ணியில கரைச்சிக் குடுத்தேன்."