செவ்வாய்க்கிழமைக் கட்டம்

செவ்வாய்க்கிழமைக் கட்டத்தில் வைத்த பல்லைக் காணோம்.

வைஷாலி மாத்திரைப் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தாள். ஏழு நாளைக்கு ஏழு கட்டம் உள்ள பெட்டி. மாமனார் ரத்னவேலுவின் மாத்திரைகளை ஞாயிறுதோறும் அவள்தான் அதில் நிரப்பி வைப்பாள். நேற்று மாலை செவ்வாய்க் கட்டம் காலியாக இருந்தது. பத்திரமான இடம் என்று தன் கேப்ஸ்யூலை அதில் போட்டு வைத்தாள்.

அதற்குள் மருந்து இல்லை. கடுகளவு ஒரு கடைவாய்ப் பல். பன்னிரண்டு கோடி வருஷத்துக்கு முன்னால், டைனோசர்களின் காலடியில் ஓடித் திரிந்த எலி மாதிரி ஒரு பிராணியுடையது. உருண்டு தொலைந்துவிடும் என்று ஆராய்ச்சிக்காரர்கள் இப்படிக் காலி மாத்திரைக் கூட்டில்தான் போட்டு வைப்பார்கள்.

வெளிநாட்டு அருங்காட்சியகம் இரவல் கொடுத்த பல் அது. ஆய்வுக்கூடத்தைத் தாண்டக் கூடாது என்று கண்டிப்பு. ஸ்கேன் முடிய நேரமாகிவிட, ஒரு நாள்தானே என்று சிங்கப்பூர் பிடோக்கில் இருக்கும் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டாள். பத்து மணிக்கு அதை வாங்கிப்போக அதிகாரி ஒருவர் சிராங்கூன் சாலை ஹோட்டலில் காத்திருப்பார். இப்போது மணி எட்டு.

"மாமா, இதுல ஒரு கேப்ஸ்யூல் இருந்துச்சே?"

ரத்னவேல் மைலோவில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளாக மூன்று வேளையும் அதுதான். வயசானால் நாக்கு குழந்தை மாதிரி ஆகிவிடும் என்று வைஷாலி விட்டுவிட்டாள்.

"நேத்து ஒண்ணு விட்டுப்போச்சு போலன்னு, சேத்துப் போட்டுக்கிட்டேன்மா," என்று குழறினார், வாயைக் கையால் மறைத்தபடி.

பாறைக்குள் இத்தனை கோடி வருஷம் தாக்குப்பிடித்த பல், மனுஷ வயிற்றில் எத்தனை மணி நேரம் தாங்கும்? நாலு வருஷ ஆராய்ச்சிப் படிப்பு போச்சு. இனி எந்த அருங்காட்சியகமும் அவளை வாசலில்கூட நிற்க விடாது. பக்கத்து பாத்தாம் தீவுக்கு வேலைக்குப் போய் ஒரு மாதமான கணவன் பிரபாகரும் போனை எடுக்கவில்லை.

"கண்ணாடி போட்டுப் பாக்க மாட்டீங்களா மாமா? அது என்ன பல்லுன்னு எத்தனை தடவ சொல்லியிருக்கேன்."

சொல்லியிருந்தாள். மூன்று வாரமாகச் சாப்பாட்டு மேசையில் அதே பேச்சுதான். வெட்டவும் அரைக்கவும் ஒரே பல்லில் வசதி வந்ததாம், நன்றாக மெல்லத் தெரிந்ததால்தான் அந்த வம்சம் தழைத்ததாம், நாமெல்லாம் அந்த வழியாம். தேய்மானத்தைப் பார்த்தே அந்தப் பிராணி என்ன தின்றது என்று சொல்லிவிடுவாளாம்.

"கிளம்புங்க, எக்ஸ்ரே எடுக்கணும்," என்று செருப்பைத் தேடிப் போனவள், வாசலிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

ரத்னவேல் பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்கும் பயம்தான். பிறகு தன் அறைக்குப் போய், கட்டிலுக்கடியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்து அவள் மடியில் வைத்தார்.

உள்ளே சிவப்பும் வெள்ளையுமாக நிறைய கேப்ஸ்யூல்கள். மேலாக ஒன்று மட்டும் நிறமில்லாமல், உள்ளே கறுப்புக் கடுகோடு கிடந்தது. வைஷாலி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அதேதான். போன உயிர் திரும்பி வந்தது.

அப்புறம்தான் மற்றவை கண்ணில் பட்டன. இருபதுக்குக் குறையாது.

"மாமா, இதெல்லாம் நெஞ்சு வலிக்குக் குடுத்ததுலா. ஒண்ணுகூடப் போடலையா?"

"வெறும் ரொட்டியத் தின்னுட்டுப் போட்டா வயிறு எரியுதும்மா."

"சோறு வச்சா நீங்கதானே வேணாங்கிறீங்க?"

அவர் வாயை மறைத்திருந்த கையை எடுத்தார். உள்ளே ஒரு பல்கூட இல்லை.

"பல்செட் உடைஞ்சு மூணு வாரமாச்சும்மா. நீயே பாவம், அந்தப் பல்லப் பத்தி அவ்ளோ கவலைல இருந்தே. இதை வேற ஏன் சொல்லணும்னு விட்டுட்டேன்."