சங்கு குளித்த காது

"அப்போ நேவியில சேர்றதுக்கு முன்னாடியே நீங்க சங்கு குளிச்சிருக்கீங்க?"

வக்கீல் உமாராணி உரக்கத்தான் கேட்டாள். எதிரே இருந்த கஸ்பாருக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. வலது காது அரைகுறை.

"பத்து வயசுலேருந்து மேடம். கீழவைப்பார்ல எங்க ஆளுக தொழிலே அதுதான. மூச்சைப் பிடிச்சிட்டு அஞ்சாள் ஆழம் போவேன்."

உமாராணி பேனாவை மூடிவைத்தாள். "அப்போ கேஸ் அவ்வளவுதான் சார்."

கஸ்பாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதற்கு முன்னால் பார்த்த பென்ஷன் ஏஜென்ட்டுகள் "ஆகிரும், ஆகிரும்" என்றே காலத்தை ஓட்டினார்கள். உட்கார்ந்து முழு ஃபைலையும் படித்த முதல் ஆள் இந்த அம்மாதான். அவளே இப்படிச் சொன்னால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

"நேவியில டைவரா கடலுக்கடியில முங்கி வேலை பார்த்துதான மேடம் காது போச்சு. பென்ஷனுக்கு உண்டான சர்வீஸ் முடியுமுன்னாலயே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. இப்போ வாட்ச்மேன் வேலையும் போயிருச்சு. இந்த டிஸபிலிட்டி பென்ஷன் வந்தாத்தான் வீட்டுல உலை கொதிக்கும்."

"அவங்க என்ன சொல்றாங்க? காது எங்களால போகல, சின்ன வயசுல சங்கு குளிச்சதால போச்சுங்கிறாங்க. அதுக்குச் சாட்சி வேற யாருமில்ல. டைவர் இன்டர்வியூவுல நீங்களே வாயால சொன்னது."

கஸ்பார் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"மேடம், அது வந்து... நான் குளிக்கல."

"பின்னே?"

"குளிச்சது தொம்மை. என் கூட்டாளி. நான் வள்ளத்துல உட்கார்ந்து, அவன் கொண்டாற சங்கை வாங்கிச் சாக்குல போட்டவன். தண்ணிக்குள்ள தலையை முக்கவே அப்போ எனக்குப் பயம். முங்கப் படிச்சதே நேவியிலதான். இன்டர்வியூவுல கேட்டாங்களா, அவன் கதையை என் கதைன்னு சொல்லிட்டேன்."

உமாராணி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "அந்தப் பொய்யை நான் பார்த்துக்கிடுதேன். நீங்க தொம்மையைக் கூட்டிட்டு வாங்க. இவர் சங்கு குளிச்சதே இல்லைன்னு அவர் ஒரு அஃபிடவிட் கொடுத்தா கேஸ் நிக்கும்."

கேஸ் நிற்கும். மானம் நிற்குமா?

கஸ்பார் இப்போது குடியிருப்பது தூத்துக்குடி டவுனில். ஆனாலும் ஞாயிறு பூசைக்கு ஊருக்குப் போவது தப்பாது. பூசை முடிந்தால் டீக்கடையில் கச்சேரி. காது போனதிலிருந்து அவருக்கு மெதுவாகப் பேச வராது. கடல் கதையை எடுத்துவிட்டால் கடற்கரை வரைக்கும் கேட்கும். அதில் சங்குக் கதையும் உண்டு. அதிலும் முங்கி எழுந்தது கஸ்பார்தான். இளவட்டங்கள் கொஞ்சநேரம் வாயைப் பிளந்து கேட்டுவிட்டு நழுவிவிடும். தொம்மை மட்டும் எதிரே உட்கார்ந்து கடைசிவரை சிரித்துக்கொண்டிருப்பார். 'அது நான்லே' என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு கஸ்பாருக்கு மீன் முள்ளாகக் குத்தும்.

அந்த ஞாயிறு தொம்மையை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், பக்கத்தில் யாருமில்லையே என்று பார்த்து, குரலை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்தி விஷயத்தைச் சொன்னார்.

தொம்மை சிரித்தார். மாட்டேன் என்பதுபோலத் தலையை ஆட்டினார். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார்.

கஸ்பாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பொறாமை பிடிச்ச பய. நான் நேவிக்குப் போனது இன்னும் வயித்தெரிச்சலா இருக்கு இவனுக்கு. ஒரு வார்த்தை சாட்சி சொன்னா என்ன குறைஞ்சா போவான்?"

குழாயடியில் நின்ற தொம்மையின் மனைவி லூர்தம்மாள் குடத்தை இறக்கிவைத்துவிட்டு அவருடைய வலது காதுப் பக்கம் வந்தாள்.

"அண்ணே, அவரை எதுக்கு வையுதீய? அவருக்குக் காது அடைச்சு எத்தனையோ வருஷமாச்சு. சங்கு குளிச்ச காதுல்லா. நல்லாக் கத்திச் சொன்னாத்தான் விழும். மத்தபடி யார் என்ன சொன்னாலும் சிரிச்சிட்டுத் தலையை ஆட்டிட்டுப் போயிருவாரு."

கஸ்பார் தொம்மை போன திசையைப் பார்த்தார். ரெண்டு பேருக்கும் ஒரே நோவு. தன் காதுக்கு டாக்டர், ஃபைல், வக்கீல் எல்லாம் உண்டு. தொம்மை காதுக்கு மாதா கோயிலில் ஒரு மெழுகுவத்தி. வாராவாரம் முகத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தவனுக்குக் காது போனதுகூடத் தனக்குத் தெரியவில்லையே என்று நினைக்கும்போது அவருக்கே அவரைப் பிடிக்கவில்லை.

ஓடிப்போய் டீக்கடை வாசலில் தொம்மையை மறித்தார். கடை நிறைய ஆள். ரகசியமாகச் சொல்ல வழியே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு காதோரம் கத்தினார்.

"ஏலே தொம்மை, நான் சங்கு குளிச்சதே இல்லைன்னு நீ வக்கீல்கிட்ட வந்து சொல்லணும். பயந்துபோய் வள்ளத்துலயே கிடந்தேன்னு சொல்லணும். இத்தனை நாளா நான் அளந்ததெல்லாம் உன் கதைன்னு சொல்லணும்."

கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தவன்கூடக் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். கஸ்பாருக்கு அப்படியே மணலுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது.

"இதுக்கா இந்தப் பாடு? என்னைக்கு வரணும் சொல்லு, வாரேன்" என்றார் தொம்மை.

 அடுத்ததையும் கஸ்பார் கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது. "உன் கதையைத் திருடி உன் முன்னாலயே சொன்னேன். நீ பாட்டுக்கு உட்கார்ந்து சிரிச்சியே, என்னத்துக்குல?"

தொம்மை அவர் தோளில் கையைப் போட்டார்.

"ஊர்ல எல்லாரும் என்கிட்ட பேசுறதையே விட்டுட்டாங்க மக்கா. என் காதுல விழுத மாதிரி பேசுறவன் நீ ஒருத்தன்தான். அதுலயும், நான் கடலுக்குள்ள போன கதையை எனக்குச் சொல்ல வேற யாரு இருக்கா?"