சிவப்புப் பூட்டு

"யாரு பூட்டு லா இது?"

தம்புசாமி போட்ட சத்தத்தில் உருமி மேளமே நின்றுபோனது.

பந்திங்கில் அவருடைய புதிய தேங்காய்ப்பால் தொழிற்சாலைக்கு அன்று திறப்பு விழா. கிள்ளான் பாசாரில் தேங்காய் துருவிக் கொடுத்துக்கொண்டிருந்த மனிதர், இன்று லோரி லோரியாகத் தேங்காய் அரைக்கிற மெஷினுக்கு முதலாளி. பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, கால் தரையில் நிற்காமல் திரிந்தார். பிரிக்பீல்ட்ஸ் சொந்தங்கள், செராஸ் சம்பந்தி வீடு என்று ஒரே கூட்டம். நல்ல நேரத்துக்குள் பச்சை பட்டனை அமுக்க வேண்டியதுதான் பாக்கி.

அந்த நேரம் பார்த்து மெயின் சுவிட்சில் சிவப்பாக ஒரு பூட்டு தொங்கியது.

மெஷினைப் பொருத்திக் கொடுத்த கம்பெனியின் என்ஜினியர் லோகேஸ்வரி பூட்டுக்குப் பக்கத்திலேயே நின்றாள். கம்பெனி அவளைத் தனியாக நம்பிக் கொடுத்த முதல் வேலை இது. ஓட்டுவதற்கு முன்னால் கடைசியாக ஒரு சுற்று பார்க்கிறேன் என்று டார்ச் லைட்டோடு போனவள், முகமெல்லாம் வேர்த்துப்போய்த் திரும்பியிருந்தாள்.

"என்னோடதுதான் பாஸ். உள்ள வேலை பார்த்தப்ப போட்டது. எடுக்க மறந்துட்டேன். சாரி பாஸ்."

"அட, சாவியப் போட்டு எடுத்துட்டுப் போ லா! இதுக்குப் போயி..."

"முடியாது பாஸ். உள்ள கை வைக்கிற ஆளு பூட்டைப் போட்டுட்டுதான் கை வைக்கணும். பூட்டு தொங்குச்சுன்னா, மெஷின் மூடியத் திறந்து உள்ள பார்த்துட்டுதான் ஓட்டணும். அதான் ரூல்."

போர்மேன் சுகுமாறனுக்கு ஒன்றும் புரியவில்லை. "மிஸ், எல்லாப் பூட்டையும் நாமதான் நேத்தே எடுத்து..." என்று ஆரம்பித்தார். லோகேஸ்வரி அவரை ஒரு பார்வை பார்த்தாள். மனிதர் கப்பென்று வாயை மூடிக்கொண்டு ஸ்பேனர் தேடப் போய்விட்டார்.

தம்புசாமியின் மனைவி ரமணிக்குத்தான் தாங்கவில்லை. விடியும்போதே யாருக்கும் முன்னால் வந்து, பூஜைக்கு எல்லாவற்றையும் எடுத்து வைத்தது அவள்தான்.

"திறக்கக் கூடாதுங்க! பூஜை போட்ட மெஷின்! இப்ப போய் ஸ்பேனர் வச்சா விளங்குமா?"

"ஆன்டி, பத்து நிமிசம்தான்..."

"நல்ல நேரம் உன் பத்து நிமிசத்துக்குக் காத்துக்கிட்டு இருக்குமா? பூட்டு போட்டமா, எடுத்தமான்னு ஞாபகம் இல்ல. நீயெல்லாம் என்ன என்ஜினியர்? பொறுப்பு வேணாமா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். லோகேஸ்வரியின் காது மடல் சிவந்தது. ஆனாலும் எல்லாரையும் மெஷினைச் சுற்றித் தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொன்னாள். மூடியைக் கழற்ற வைத்தாள். சுகுமாறனைக்கூடத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, தானே தோள்வரை கையை உள்ளே விட்டுத் துழாவினாள்.

பத்து நிமிடம் அரைமணி ஆனது. நல்ல நேரம் கண்ணெதிரே கழிந்தது. "கேசரி ஆறிப்போச்சு, சாப்பிட்டுட்டே காத்திருப்போம்" என்று சம்பந்தி எழுந்து போனபோது தம்புசாமிக்கு மானமே போய்விட்டது.

ஒருவழியாக லோகேஸ்வரி மூடியை மாட்டினாள். பூட்டை எடுத்தாள்.

"இப்ப அமுக்குங்க பாஸ்."

அமுக்கினார். மெஷின் உறுமியது. தேங்காய்ச் சில்லுகள் சரசரவென்று உள்ளே இறங்கின. அந்தப் பக்கக் குழாயில் வெள்ளை வெளேரென்று பால் குபுக்கென்று கொட்டியது!

கூட்டம் கத்திய கத்தலில் கூரை அதிர்ந்தது. உருமி வெளுத்து வாங்கியது. தம்புசாமி சின்னப் பிள்ளைபோலக் குழாயில் கையை நீட்டி, ஒரு வாய் பிடித்துக் குடித்தார். கண் கலங்கிவிட்டது.

ஆனாலும் அந்த அரைமணி நேரத்தை அவரால் மறக்க முடியவில்லை. மெஷினை ஒப்படைத்ததற்குக் கையெழுத்து வாங்க லோகேஸ்வரி வந்தாள்.

"கையெழுத்து இருக்கட்டும். மொதல்ல ஒன் மேனேஜர்கிட்ட பேசணும். மறதி உள்ள ஆளையெல்லாம் இந்த வேலைக்கு அனுப்பலாமா?"

"விடாதீங்க, நல்லா கேளுங்க!" என்று தூரத்திலிருந்தே ரமணி எடுத்துக் கொடுத்தாள்.

தம்புசாமி போனைக் காதில் வைத்தார். மணி அடித்தது.

லோகேஸ்வரி தடுக்கவில்லை. பையிலிருந்து, மெஷின் துடைக்கிற துணியில் சுற்றிய எதையோ எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"ஆன்டிகிட்ட குடுத்துடுங்க அங்கிள்" என்றாள் மெதுவாக. "தேங்காய் போடுற வாய் வழியா டார்ச் அடிச்சப்ப, உள்ள பிளேடுக்குக் கீழ தெரிஞ்சுச்சு. ஓடியிருந்தா மெஷினும் போயிருக்கும், பக்கத்துல நின்ன ஆளும் போயிருப்பாங்க. அத்தனை பேரு முன்னால சொல்ல மனசு வரல. அதான் என் பூட்டை மாட்டிட்டேன்."

தம்புசாமி துணியைப் பிரித்தார்.

நெற்றி நிறையக் குங்குமத்தோடு, அவர் வீட்டுப் பூஜையறை வெள்ளிப் பிள்ளையார்.

"ஹலோ பாஸ்! ஏதும் பிரச்சினையா?" என்றது போன்.

தம்புசாமி பிள்ளையாரைப் பார்த்தார். மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற ரமணியைப் பார்த்தார். இப்போது அவள் குனிந்த தலை நிமிரவில்லை.

"ஒண்ணுமில்ல லா" என்றார், கையெழுத்துப் போட்டுக்கொண்டே. "அடுத்த மெஷினுக்கும் இந்தப் பொண்ணையே அனுப்பு. வரும்போது சிவப்புப் பூட்டு ஒண்ணு கூடக் குடுத்து விடு. எங்க வீட்டுப் பூஜையறைக்கு வேணும்."