பெயர் மட்டும் கேட்காதே

“அக்கா, வேற எது வேணும்னாலும் கேளு. அந்தக் கணக்கு யாரோடதுன்னு மட்டும் கேக்காதே” என்றான் தம்பி, சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

அக்கா சைபர் குற்றப் பிரிவில் இன்ஸ்பெக்டர். தம்பி, பாதி ஊர் பயன்படுத்தும் அரட்டைச் செயலி நிறுவனத்தில் தகவல் பாதுகாப்பு அதிகாரி. அந்தச் செயலியில்தான் எவனோ ஒருவன், ஒரு நர்ஸின் முகத்தை ஆபாசப் படங்களில் ஒட்டி, புகுந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று அவளை மிரட்டிக்கொண்டிருந்தான். பயந்துபோன அந்தப் பெண் வேலைக்குப் போவதையே நிறுத்திவிட்டாள்.

அக்கா முறைப்படி எழுதிக் கேட்டிருந்தாள். வாடிக்கையாளரின் தனியுரிமை எங்களுக்கு உயிர் என்று தம்பியின் கையெழுத்தோடு பதில் வந்தது. மறுபடி எழுதினாள். எந்தச் சட்டப் பிரிவின் கீழ் கேட்கிறீர்கள் என்றான். பிரிவைச் சொன்னாள். உட்பிரிவைக் கேட்டான்.

“நீயாவது அந்தப் பேரைப் பார்த்தியாடா?”

“நான் பார்த்தாலே சட்ட மீறல்க்கா. அவன் அயோக்கியனாவே இருக்கட்டும், அவனுக்கும் அந்தரங்கம்னு ஒண்ணு இருக்குல்ல?”

“அந்த நர்ஸுக்கு இல்லையா?”

அதற்கு அவள் தனியாக மனு கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டு, தம்பி கை கழுவப் போய்விட்டான்.

அக்கா நீதிமன்றத்துக்கு நடந்தாள். வாய்தா மேல் வாய்தா. உத்தரவு கைக்கு வருவதற்குள் நர்ஸ் வீட்டைக் காலி செய்துகொண்டு வேறு ஊருக்கே போயிருந்தாள். மிரட்டியவன் அடுத்த பெண்ணைப் பிடித்திருந்தான்.

உத்தரவோடு அக்கா தம்பியின் அலுவலகத்துக்குப் போனாள். அவன் அதை வரி வரியாகப் படித்தான். முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். குறை எதுவும் அகப்படாததால், மனசில்லாமல் அந்தக் கணக்கைத் திறந்தான்.

அவன் முகத்தில் ஈயாடவில்லை.

அக்கா எட்டிப் பார்த்தாள். கணக்குக்காரரின் பெயர், பிறந்த தேதி, வீட்டு முகவரி, அடையாள அட்டைப் படம் எல்லாமே தம்பியுடையவை.

“சத்தியமா நான் இல்லக்கா.”

“தெரியும். உனக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது. உன் அட்டை எப்படிடா வெளியே போச்சு?”

அவன் கணினிப் பிரிவு மேலாளரைப் போனில் அழைத்து அதையே கேட்டான்.

“போன வருஷமே நம்ம ஊழியர்களோட அடையாள அட்டை நகல் நிறைய திருடு போயிடுச்சே சார்” என்றார் அவர் நிதானமாக. “யார் யாரோடதுன்னு சொன்னா அவங்க தனியுரிமை கெட்டுடும்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. அதான் உங்ககிட்டகூடச் சொல்லல.”