பத்தியம் இருந்த பல்லி

பொத்தென்று ஒரு சத்தம் கேட்டது. பிறகுதான் தரையில் கிடந்த குண்டுப் பல்லி தெரிந்தது. பூனை பாய்வதற்குள் அது எப்படியோ சுவரேறிவிட்டது.

"உடம்பு பெருத்துப் போச்சுக்கா, பிடி நிக்கல," என்றது மூச்சு வாங்க. "இன்னொரு தடவை விழுந்தா பூனை விடாது. இனிமே ராத்திரியில ஒண்ணும் தின்னப் போறதில்லை."

"பகல் பூரா தூங்குவே. அப்புறம் எப்பத்தான் தின்பே?" என்றது பக்கத்தில் இருந்த ஒல்லிப் பல்லி.

குண்டுப் பல்லி டியூப்லைட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தது. பின்னால் ஈசல்கள் படபடத்தன. ஒன்று அதன் மூக்கின் மேலேயே வந்து உட்கார்ந்தது. கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று பார்த்தால் பல்லிக்கு இமை கிடையாது.

யோசித்துவிட்டு, சட்டென்று வாலைக் கழற்றிக் கீழே போட்டது.

"பார்த்தியாக்கா, ஒரே நிமிஷத்துல எவ்வளவு எடை குறைஞ்சிருச்சு."

"குறைஞ்சுதான் இருக்கு."

"அப்போ ஒரே ஒரு ஈசல் தின்னா தப்பில்லையே."

தின்றது. புது வால் முளைக்கத் தெம்பு வேண்டுமே என்று இன்னொன்றைத் தின்றது. தனியாக விட்டால் பாவம் என்று அதன் ஜோடியையும் தின்றது. விடியும்போது விளக்கைச் சுற்றி ஈசலே இல்லை. பல்லியின் பின்னங்கால் ஒன்று சுவரைவிட்டு மெல்ல நழுவியது.

"அண்ணே, வால் நல்லா இருந்துச்சு," என்றது கீழேயிருந்து பூனை. "மிச்சத்துக்கு ஒண்ணும் அவசரமில்லை. நிதானமாச் சாப்பிட்டு வாங்க."

சொல்லிவிட்டு, பாதியில் விட்டிருந்த தன் முன்னங்காலை மறுபடி நக்கிச் சுத்தம் செய்யத் தொடங்கியது.