ஒரு ரக்ஷையும் இல்லை

டாக்டர் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன் பேர்வழி என்று, பாக்கியத்தாயிடம் அவள் புருஷனுக்கு இரட்சிப்பு இல்லை என்று சொல்லிவிட்டேன்.

டாக்டர் சொன்னது, காலை எடுக்காமல் ஒரு ரக்ஷையும் இல்லை என்பது. மலையாளத்தில் அதற்கு வேறு வழியில்லை என்று பொருள். அவ்வளவுதான்.

எனக்கு மலையாளம் தெரியும். ஆனால் பத்து வருஷமாகச் சபையில் உபதேசியார். ரக்ஷை என்று காதில் விழுந்தால் வாய் தானாக இரட்சிப்பு என்கிறது.

அவள் அலறவில்லை. சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். அது இன்னும் பயமாக இருந்தது.

போனக்காடு எஸ்டேட்டில் மரம் சாய்ந்து நசுங்கிய கால். கட்டிலில் தவசிமுத்து காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்தான். காலையில் கணுக்காலில் இருந்த கறுப்பு இப்போது கெண்டைக்காலுக்கு ஏறியிருந்தது. பன்னிரண்டு மணிக்குள் அவள் கைநாட்டு வைக்காவிட்டால் டாக்டர் கத்தியைத் தொடமாட்டார். தொடாவிட்டால் ஆள் தங்கமாட்டான்.

டக், டக் என்று கட்டிலைச் சுற்றிவந்து, டாக்டரின் ரக்ஷை வேறு, நம் இரட்சிப்பு வேறு என்று விளக்கினேன். இறையியல் கல்லூரியில் நான் முதல் மாணவன். நாத்திகனை மூன்று மொழியில் மடக்குவேன். புத்தரிகண்டம் மைதானத்தில் ஒருவனை மடக்கியும் இருக்கிறேன். அவன் மடங்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஒருவழியாகத் தலைப்பை வாயிலிருந்து எடுத்தாள்.

“சரிய்யா. கால வெட்டிப் போட்டுட்டா, உயிர்த்தெழுதல் நாளுல அவிய எப்படி எந்திப்பாவ? பாதியாவா?”



பதினோரு வருஷமாக நான் கேட்டுவரும் கேள்வி அது. பேராசிரியர்கள் ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தார்கள். பதில் கொடுக்கவில்லை.

கடவுள் உண்டு என்பதற்கான ஆதாரங்கள் எல்லாம் நாக்கு நுனிக்கு வந்தன. அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒன்றும் நிற்கவில்லை.

கடைசியில், ஏதோ ஒரு புத்தகத்தின் அடிக்குறிப்பு கைகொடுத்தது. உயிர்த்தெழுந்த ஆண்டவர், சந்தேகப்பட்ட சீடர் தோமாவுக்குக் காட்டியது ஆணி அடித்த கையை. சாவையே ஜெயித்தவர் அந்தக் காயத்தை மறைத்துக்கொண்டு வரவில்லை. அதோடுதான் எழுந்து வந்தார்.

 

 அவள் பெருவிரலை மையில் உருட்டினாள்.

தவசிமுத்துவைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். கதவைச் சாத்தினார்கள்.

வராந்தா பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பேசாமல் இருந்திருக்கலாம். முடியவில்லை. நான் சொன்னது நிஜமாகவே அப்படித்தானா என்று, உபதேசியார் நான், அவளிடம் கேட்டேன்.

என் முண்டின் கரை விலகியிருந்தது. அதற்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்த மரக்கட்டையை அவள் பார்த்தாள்.

“நெசந்தான்யா. காயத்தோட எந்திச்சவருக்கு, ஒங்க கட்டக்கால பாத்ததும் ஆளு தெரிஞ்சிரும்.”